தவழும் பேத்தி வருமுன் வீட்டில் மாற்றியவை

குழந்தைக்காக வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும் என்று கடையில் கேட்டால், மேசை முனைகளில் ஒட்டும் ரப்பர் மூலைகள், பிரிட்ஜ் கதவைப் பூட்டும் பட்டை, இழுப்பறைக் கொக்கிகள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுத் தருகிறார்கள். எங்கள் வீட்டில் முனையுள்ள மேசையே இல்லை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீளமாகப் போகும் மயிலாடுதுறைப் பழைய ஓட்டு வீடு அது. தரையில் அமர்ந்து சாப்பிடுகிறோம், தரையில் அமர்ந்தே காய் நறுக்குகிறோம், தண்ணீரைப் பிடித்து நிரப்பி வைக்கிறோம், காலையும் மாலையும் விளக்கேற்றுகிறோம். எனவே, எட்டு மாதப் பேத்தியுடன் மகள் பெங்களூரிலிருந்து வந்து சில மாதங்கள் தங்கப் போகிறாள் என்று முடிவானதும், அந்தப் பெட்டியை வாங்காமல் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, வாசல் முதல் கொல்லை வரை தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து பார்த்தேன். என் முழங்கால்கள் இதை ரசிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

“நாலு பேர் இருக்கிற வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளா இல்லை?” என்று என் மனைவி கேட்டாள். நாலு பேர் இருப்பதுதான் என்னைக் கவலைப்படுத்தியது. தனியாக இருக்கும் தாய்க்குத் தன்னைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை என்பது தெரியும். நிறைந்த வீட்டிலோ, பாட்டியிடம் இருக்கிறது என்று தாயும், தாயிடம் போய்விட்டது என்று பாட்டியும், இருவரில் ஒருவரிடம் இருக்கும் என்று நானும் நினைத்துக்கொண்டிருப்போம். ஆகவே யாரும் பார்க்காத இரண்டு நிமிடங்கள் தினமும் வரத்தான் செய்யும் என்று வைத்துக்கொண்டு, அந்த இரண்டு நிமிடங்களில் குழந்தைக்குக் கேடு வராதபடி வீட்டை மாற்றுவதே வேலை என்று தீர்மானித்தேன். குழந்தையை அடக்குவதைவிடப் பொருளை அகற்றுவது எளிது.

முதலில் தண்ணீர், ஏனென்றால் நம் வீடுகளில் அதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. ஒரு கைக்குழந்தையின் உடல் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு தலைதான்; எடையும் மேற்பகுதியிலேயே இருக்கிறது. வாளியின் விளிம்பைப் பிடித்து எழுந்து உள்ளே எட்டிப் பார்க்கும் குழந்தை தலைகுப்புற விழுந்தால், கையை ஊன்றித் தலையைத் தூக்கிக்கொள்ளும் வலு அதற்கு இல்லை. பாதி நிரம்பிய வாளியோ கவிழ்ந்து அதைக் காப்பாற்றாமல் அப்படியே நிற்கும். முகம் மூழ்க இரண்டு அங்குலத் தண்ணீர் போதும். அப்போது அலறலோ, கை கால் அடித்துத் தண்ணீர் சிதறும் ஓசையோ அடுக்களை வரை கேட்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மூச்சு அடைபட்ட குழந்தையால் குரல் எழுப்ப முடியாது. குளியலறையில் இருந்த பெரிய வாளிகளைக் கவிழ்த்து வைக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தோம். மறுநாளுக்கென்று இரவில் நிரப்பி வைக்கும் வழக்கத்தை விட்டோம். கொல்லையில் இருந்த நீல பிளாஸ்டிக் டிரம்மின் மூடி சும்மா மேலே வைக்கும் வகையைச் சேர்ந்தது என்பதால், இரும்பு வளையத்தால் இறுக்கிப் பூட்டும் மூடியுள்ள டிரம் ஒன்றை வாங்கினோம்.

“குளியலறைக் கதவை எப்போதும் சாத்தி வையுங்கள்” என்று சொல்வதில் பயனில்லை. வீட்டார் நினைவில் வைத்துக்கொண்டாலும், வந்து போகும் உறவினர் கை கழுவிவிட்டுத் திறந்தபடியே போவார்கள். கதவின் வெளிப்புறத்தில், பெரியவரின் தோள் உயரத்தில் ஒரு தாழ்ப்பாளும், கதவு தானாகவே வந்து சாத்திக்கொள்வதற்கு ஒரு ஸ்பிரிங் கீலும் போட்டோம். இந்தக் கீல் யாருடைய ஞாபகத்தையும் நம்பியிருப்பதில்லை. ஆனால் அதுவே விரலை நசுக்கும் பொறியாகிவிடக் கூடாது என்பதற்காக, கதவு மெதுவாக வந்து சேரும் அளவுக்கு அதன் இறுக்கத்தைத் தளர்த்தி, கீல் பக்கத்து இடுக்கில் தடித்த ரெக்சின் பட்டை ஒன்றை ஆணியடித்தோம்.

கிணற்றுக்கு ஏற்கெனவே இரும்புக் கம்பி மூடி இருந்தது. அதில் பூட்டு மட்டும் புதிது. தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியின் தகரமூடி, ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய அளவுக்கு லேசானது. அது தவழும் குழந்தையைவிட இரண்டு வயதில் ஓடும் குழந்தைக்கே ஆபத்து என்றாலும், விடுமுறைக்கு வரும் மற்ற பிள்ளைகளை நினைத்துக் கொண்டி வைத்துப் பூட்டினோம். மூடாத ஆழ்துளைக் கிணறு என்ன செய்யும் என்பதை 2019 அக்டோபரில் மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுச் சுஜித் அதில் விழுந்து இறந்தபோது நாடே பார்த்தது. அது எங்கோ பொட்டல் காட்டில் இருந்த குழி அன்று, வீட்டையொட்டிய நிலத்தில் இருந்தது.

முற்றத்துக்குத் தடுப்பு செய்யத் தச்சரை அழைத்தபோது ஒரு சிறு வாக்குவாதம் நடந்தது. முற்றம் கூடத்திலிருந்து ஓர் அடிக்குமேல் தாழ்ந்து, கருங்கல் விளிம்புடன் இருக்கிறது. தச்சர் அழகாக, மூன்று குறுக்குச் சட்டங்கள் வைத்து வரைந்து காட்டினார். “குறுக்குச் சட்டம் போட்டாத்தான் சார் உறுதி” என்றார். உறுதிதான், ஆனால் குழந்தைக்கு அது ஏணி. மேலும் கீழும் மட்டும் குறுக்குச் சட்டம் வைத்து, நடுவில் எல்லாம் நெட்டுக்கம்பிகளாக, இடைவெளி ஆறு சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் அடிக்கச் சொன்னேன். இந்த ஆறு சென்டிமீட்டர் என்பது தொட்டில் கட்டில்களின் கம்பிகளுக்கு வெளிநாட்டுத் தரவிதிகள் வகுத்திருக்கும் அளவு. இடைவெளி அதைவிட அகலமாக இருந்தால், கால்களும் உடலும் வழுக்கி அந்தப் பக்கம் போய்விட, தலை மட்டும் கம்பிகளுக்கிடையே மாட்டிக்கொள்ளும். மாடியும் பால்கனியும் உள்ள வீட்டார், கைப்பிடிச் சுவரின் உயரத்தைப் பார்ப்பதோடு, ஏறி நிற்க ஏதுவாக அதன் அருகே பூந்தொட்டி, முக்காலி, ஏசி வெளிப்பெட்டி எதுவும் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

கூடத்து ஊஞ்சலைக் கழற்றுவதில்தான் வீட்டில் வருத்தம். தேக்குப் பலகை, நான்கு இரும்புச் சங்கிலிகள். யாரும் உட்காராதபோதும் காற்றிலோ, எழுந்து போனவரின் வேகத்திலோ ஆடிக்கொண்டிருக்கும் அதன் விளிம்பு, சுவரைப் பிடித்து நிற்கும் குழந்தையின் நெற்றிக்கு நேரே வருகிறது. சங்கிலியை மேலே சுருட்டிக் கட்டிவிட்டுப் பலகையைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைக்கலாம் என்றார்கள். அவ்வளவு கனமான பலகையைச் சாய்த்து வைப்பது, ஆடும் ஊஞ்சலைவிட மோசம். அதைப் பரணில் படுக்கப் போட்டோம். இதே காரணத்துக்காகத் தாழ்வாரத்தில் சுவரோரம் சாய்ந்திருந்த மடக்குக் கட்டிலும், ஏணியும் கொல்லை அறைக்குப் போயின. எஃகு பீரோவைச் சுவரோடு எல் வடிவப் பட்டையால் முடுக்கினோம். சிறிய ஸ்டாண்டில் நின்ற டிவி சுவருக்கு ஏறியது.

அடுக்களையில் முதலில் நினைவுக்கு வருவது அடுப்பு. ஆனால் கேஸ் அடுப்பு மேடைமேல் இருக்கிறது; குழந்தைக்கு எட்டாது. சுடுவது தரைக்கு வரும் நேரமே ஆபத்தான நேரம். கஞ்சி வடித்த பானையும், ஆறட்டும் என்று இறக்கி வைத்த பாலும், பந்திக்கு நடுவில் வைக்கும் ரசப் பாத்திரமும், குளிப்பாட்ட வெந்நீர் சுமந்துபோகும் அண்டாவும் குழந்தை தவழும் மட்டத்தில் இருக்கின்றன. அறுபது டிகிரி வெந்நீர், பெரியவர்களின் தோலையே ஐந்தாறு நொடிகளில் ஆழமாக வேகவைத்துவிடும். குழந்தையின் தோல் அதைவிட மெல்லியது. இப்போது எங்கள் வீட்டில் சூடான எதுவும் தரைக்கு இறங்குவதில்லை. நாங்கள் பெரியவர்கள் தரையிலேயே சாப்பிட்டாலும், பாத்திரங்கள் ஒரு பெஞ்சின்மேல் இருக்கின்றன. குளிப்பாட்டும்போது முதலில் குளிர்ந்த தண்ணீர், பிறகு வெந்நீர் என்ற வரிசை மாறுவதில்லை. தப்பித்தவறிக் குழந்தை கையை விட்டாலும் சுடாது. சுட்டுவிட்டால் பற்பசை, பேனா மை, தோசைமாவு எதையும் பூசாமல், ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஐஸ்கட்டியும் வைக்கக் கூடாது. இதை என் மனைவி காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி அடுக்களையில் ஒட்டியிருக்கிறாள்.

அரிவாள்மனையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. படுக்க வைத்தாலும் நிற்க வைத்தாலும் அது ஆபத்துதான். பேத்தி இருக்கும்வரை கத்தியும் பலகையும் போதும்.

விஷம் என்றவுடன் எல்லோரும் எலி மருந்தைத் தேடுகிறார்கள். அது இருக்கவே கூடாது. குறிப்பாக மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசை கல்லீரலையே அழித்துவிடும். ஆனால் எங்கள் வீட்டில் நான் முதலில் பயந்தது பூஜை மாடத்தைப் பார்த்துத்தான். கற்பூரவில்லை வெள்ளையாக, கற்கண்டு போலவே இருக்கிறது. பெரும்பாலும் கற்கண்டுக் கிண்ணத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. சின்னத் துண்டு வயிற்றுக்குள் போனாலும் சில நிமிடங்களில் குழந்தைக்கு வலிப்பு வரலாம். சளிக்கென்று கற்பூரத்தைத் துணியில் முடிந்து குழந்தையின் சட்டையில் குத்துவதும், கற்பூரம் கலந்த தைலத்தை மூக்கருகே தடவுவதும் இரண்டு வயதுக்குக் கீழே வேண்டாத வேலை. மாடத்தின் கீழ்த்தட்டில் இருந்த கற்பூரம், எண்ணெய்க்குப்பி, தீப்பெட்டி எல்லாம் கண்ணாடிக் கதவுள்ள மேல்தட்டுக்கு மாறின. தரையில் நின்ற குத்துவிளக்கு, உச்சியில் கூர்முனையோடு, பிடித்து எழ ஏற்றதொரு தூண்போலக் குழந்தைக்குத் தெரியும். அதையும் மாடத்துக்குள் ஏற்றிவிட்டோம்.

அடுத்தது என்னுடைய மாத்திரைகள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நான் தினமும் விழுங்குபவற்றில், சர்க்கரையைக் குறைக்கும் ஒரு கிளிமிபிரைடு மாத்திரையே ஒரு சிறு குழந்தையின் ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். அதன் விளைவு சில மணி நேரம் கழித்துக்கூடத் தெரியலாம். முதியவர்களுக்கென்றே எளிதில் திறக்கும்படி செய்யப்பட்ட, கிழமை வாரியான பிளாஸ்டிக் டப்பா குழந்தைக்கும் எளிதில் திறக்கும். அது இப்போது பீரோவுக்குள். வருகிற உறவினரின் கைப்பையும் அப்படியே; அதில் மாத்திரை இல்லாமல் வருகிற அறுபது வயதுக்காரர் அரிது. “பையைக் கொடுங்கள், மேலே வைக்கிறேன்” என்று வாங்கிக்கொள்வதை உபசாரமாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

பழைய குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைத்த ஆசிட், பெயின்ட் கலக்கும் டர்பன்டைன், மண்ணெண்ணெய் மூன்றையும் அப்புறப்படுத்தினோம். மண்ணெண்ணெயைக் குடித்த குழந்தையை வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. மேலே வரும்போது அது நுரையீரலுக்குள் போவதுதான் உயிருக்கு ஆபத்து. ஆசிட் என்றால், இறங்கும்போது சுட்ட தொண்டையை ஏறும்போதும் சுடும். துணி அலமாரியில் போடும் பாச்சை உருண்டையும் வெளியே போயிற்று. ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அதில் உள்ள நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும், அந்தக் குறை இருப்பது பெரும்பாலும் முன்கூட்டித் தெரிவதில்லை. தில்லி எய்ம்ஸில் இரவும் பகலும் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் எண் 1800 116 117. அதையும் 108ஐயும் கதவுக்குப் பின்னால் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறோம்.

கவனிக்காமல் விடப்படுவது பொத்தான் பேட்டரி. காரின் ரிமோட் சாவி, டிஜிட்டல் தெர்மாமீட்டர், அடுக்களைத் தராசு, கார்த்திகைக்கு வாங்கிய பேட்டரி அகல்விளக்கு என்று எங்கள் வீட்டிலேயே பல இடங்களில் இருந்தது. இருபது மில்லிமீட்டர் அகலமுள்ள லித்தியம் வில்லை உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், அதன் மின்னோட்டம் ஈரமான திசுவில் காரத்தை உண்டாக்கி, இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையாக அரித்துவிடும். பேட்டரி ஒழுக வேண்டும் என்பதில்லை. கருவிக்குச் சக்தி தீர்ந்துபோன பழைய பேட்டரியிலும் இந்த வேலைக்கு வேண்டிய மின்சாரம் மிச்சமிருக்கும். குழந்தை எச்சில் வடிப்பதும் சாப்பிட மறுப்பதும் சாதாரணச் சளிபோலத் தோன்றிக் காலம் கடந்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். பேட்டரி அறைக்குத் திருகாணி போடாத பொம்மையை வாங்கவே கூடாது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்றாலும், திருவிழாக் கடைப் பொம்மைகளில் அதைத் தேடிப் பாருங்கள்.

மின்சாரத்தில், பழைய வீட்டின் சுவிட்ச் போர்டுகள் எல்லாம் ஆளுயரத்தில் இருப்பது எங்கள் அதிர்ஷ்டம். தரையில் இழுபடும் எக்ஸ்டென்ஷன் பெட்டியும் டேபிள் ஃபேனும்தான் பிரச்சினை, இரண்டையும் எடுத்துவிட்டோம். புது வீட்டார், துளைகளுக்குள் தடுப்புத் தகடு உள்ள சாக்கெட்டை வாங்கிவிட்டு, இரண்டு கம்பி பிளக் நுழையவில்லை என்று பேனா முனையால் மேல்துளையைக் குத்தித் திறப்பதைக் குழந்தையின் முன் செய்யாதிருந்தால் நல்லது. மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி, முப்பது மில்லி ஆம்பியரில் ஒன்று, மெயின் பெட்டியில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஆனால் அது நிலத்துக்குக் கசியும் மின்சாரத்தைத்தான் உணரும். ஒரே சாக்கெட்டின் இரண்டு துளைகளிலும் கம்பியை விட்டுக் குழந்தை பிடித்தால், அது சும்மா இருந்துவிடலாம்.

தூளி பற்றி மகளுக்கும் என் மனைவிக்கும் கருத்து வேறுபாடு. சேலைத் தூளியில் உடல் வளைந்து, மோவாய் மார்பில் அழுந்தும்போது மூச்சுவழி குறுகும். மிகச் சிறிய சிசுக்களுக்கு இது கூடுதல் ஆபத்து. எட்டு மாதக் குழந்தைக்கோ, உள்ளேயே எழுந்து உட்கார்ந்து கவிழ்வது ஆபத்து. தூங்க வைக்க மட்டும் தூளி, தூங்கியதும் தரையில் சமமான, அமுங்காத மெத்தையில் மல்லாக்கப் படுக்கை என்று முடிவாயிற்று. தலையணையும், தலை உருண்டையாவதற்கென்று வைக்கும் கடுகுப் பையும், கழுத்துக் கயிறும் வேண்டாம் என்பதில் மகள் பிடிவாதமாக இருந்தாள். அவள் பக்கமே நியாயம். தரைப் படுக்கை நம் பழைய வழக்கம் என்பதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி, ஏனென்றால் கட்டிலிலிருந்து விழும் கவலை அதில் இல்லை.

உறவினர் ஒருவர் இருக்கையுள்ள வாக்கர் ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்தார். கனடா 2004இலேயே அதன் விற்பனையைத் தடைசெய்துவிட்டது. ஒரு நொடியில் குழந்தையைப் படியின் விளிம்புக்கோ வெந்நீர்ப் பாத்திரத்துக்கோ கொண்டுபோய்விடும் வேகம் அதற்குண்டு. நடப்பதையும் அது சீக்கிரம் கற்றுத்தருவதில்லை. நன்றி சொல்லி வாங்கிப் பரணில் வைத்தோம். நின்றபடி தள்ளும் மரநடைவண்டி வேறு. அதற்கு இன்னும் காலமிருக்கிறது.

தரையைக் கூட்டுவது இப்போது ஒரு நாளில் பலமுறை நடக்கிறது. ஒன்பது மாதமளவில் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் நுணுக்கமாக எடுக்கும் திறன் வந்துவிடுவதால், புளியங்கொட்டை, சப்போட்டா விதை, சேலையிலிருந்து கழன்ற ஊக்கு, வேர்க்கடலைப் பருப்பு எதுவும் தப்பாது. முழு வேர்க்கடலையைச் சில வயது வரை கொடுக்கவே கூடாது. மூச்சுக்குழாயில் சிக்குவதில் அதற்கு முதலிடம் உண்டு. அடைத்துக்கொண்டு, குழந்தையால் அழவோ இருமவோ முடியாமல் போனால், ஒரு வயதுக்குட்பட்டதைக் குப்புற முன்கையில் கிடத்தி, தலை தாழ்ந்திருக்கத் தாடையைத் தாங்கிக்கொண்டு, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை அடிக்க வேண்டும். வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி, மார்பின் நடுவில், முலைக்காம்புகளை இணைக்கும் கோட்டுக்குச் சற்றுக் கீழே, ஒரு கையின் உள்ளங்கை அடிப்பகுதியால் ஐந்து முறை அழுத்த வேண்டும். வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்ய, இன்னொருவர் 108க்குப் பேச வேண்டும். பொருள் கண்ணுக்குத் தெரியாதபோது வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே தள்ளிவிடும். ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு வீட்டில் அனைவரும் இதைச் செய்து பழகினோம். என் மனைவியின் கைதான் எல்லோரையும்விடத் துல்லியம்.

கூட்டம் கூடும் நாட்களுக்கு மட்டும் ஒரு வாய்மொழி ஏற்பாடு வைத்திருக்கிறோம். குழந்தையை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கும்போது “இப்போது என்னிடம்” என்று உரக்கச் சொல்ல வேண்டும். அப்படி யாரும் சொல்லாதவரை, முன்பு வைத்திருந்தவரே பொறுப்பு. ஆரம்பத்தில் சிரித்தார்கள். ஒரு விசேஷத்துக்கு வந்த மச்சினர் இப்போது தன் வீட்டிலும் இதைச் சொல்வதாகக் கேள்வி.

பேத்தி வந்து இரண்டாம் மாதம் சுவரைப் பிடித்து நிற்கத் தொடங்கிவிட்டாள். தவழும் குழந்தைக்கென்று ஓர் அடி உயரத்துக்கு மேலே ஏற்றிய பொருட்களை எல்லாம் இரண்டரை அடிக்கு மேலே ஏற்றியாயிற்று. அறைக் கதவுகளின் உள்பக்கத்தில் கீழே இருக்கும் பழைய பித்தளைத் தாழ்ப்பாள்களை அவள் இழுத்துப் பார்க்கிறாள். உள்ளே மாட்டிக்கொண்டால் தேக்குக் கதவை உடைத்துத்தான் திறக்க வேண்டும். வியாழக்கிழமை தச்சர் வந்து அவற்றையெல்லாம் கழற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை ஒவ்வொன்றிலும் துணியைச் சுற்றிக் கட்டி நகராதபடி செய்திருக்கிறோம்.